இருபத்தைந்து மணித்தியாலச் சோதனை

வில்லியம்ஸ் லேக், ஆகஸ்ட், அதிகாலை நாலேகால்.
புகை இன்னும் எழும்பவில்லை.
பள்ளத்தாக்கில் குப்புறப் படுத்திருக்கிறது.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ஏணியில் ஏறுகிறேன்.

உச்சியில் ஒரு நட்டு.
இரண்டு இறக்கைகளுக்குக் கீழே தொங்கும்
ஐந்து தொன் பாரத்தையும் பிடித்திருப்பது அதுதான்.
யேசு நட்டு என்பார்கள் இங்கே.
கழன்றால் அடுத்துச் சந்திப்பது அவரைத்தானாம்.
நான் பிள்ளையார் நட்டு என்பேன்.
யார் அவர் என்று கேட்டாள் விமானி டார்லீன்.
எதையும் தொடங்கமுன் பார்க்கவேண்டியவர் என்றேன்,
குட்டிக்கொள்வதையும் காட்டினேன்.
அன்றிலிருந்து இருக்கையில் ஏறுமுன்
ஹெல்மெட்டில் இரண்டு குட்டுக் குட்டுவாள்.
நட்டின் சிவப்புக் கோடு
நேற்றைய இடத்திலேயே இருக்கிறது.

என்னைவிட மூன்று வயது மூத்தது இது.
பதிவேடு ஏழு தொகுதி.
மூன்றிலும் நாலிலும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றியது.
ஐந்தில் பனிச்சறுக்குக் காசுக்காரர்.
ஆறில் மின்கம்பங்கள், ஒருதடவை
மயக்க ஊசி போட்ட மூஸ் ஒன்று, வலையில்.
ஏழாவது முழுக்கத் தண்ணீர்.
முதல் இரண்டும் ஏதோவொரு நாட்டின் படை.
அழகான கையெழுத்துகள்.
என்ன ஏற்றினார்கள், எங்கே இறக்கினார்கள்
என்று எழுதக் கட்டம் இல்லை.
மணித்தியாலங்கள் மட்டும்.

வாலில், மஞ்சள் பெயின்ட்டுக்கு அடியில், ஓர் ஒட்டு.
தேநீர்க் கோப்பையின் வாயளவு, எட்டு ரிவெட்.
தகடு திருத்தம் என்கிறது இரண்டாம் தொகுதி.
உள்ளே விளக்கைப் பிடித்தால் தெரியும்:
விரல் நுழையும் ஓட்டை,
விளிம்பு உள்நோக்கி மடிந்தது.
கீழிருந்து வந்தது.
யாரோ மண்ணில் நின்று அண்ணாந்து சுட்டிருக்கிறான்.
நாடு வேறென்றாலும்
அவன் பக்கத்தில்தான் நான் நின்றிருப்பேன்.
அவன் போட்ட ஓட்டையின் ஒட்டில்
வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க
எனக்குச் சம்பளம்.
விழவில்லை.

இரண்டே இறக்கையுள்ள கெலிக்கு ஒரு சத்தம் உண்டு,
ஈரச் சாக்கைக் கல்லில் அறைவதுபோல.
தொண்ணூறில் அது கேட்டால்
அப்பா எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்.
பங்கர் வாயில் நின்று தலைகளைத் தொட்டு எண்ணுவார்.
நான் நாலு.
இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
ஹங்கர் மேசைக்குக் கீழே போய்விட்டேன்.
ஸ்பனர் விழுந்தது என்று சொன்னேன்.
லீலண்ட் மட்டும் நம்பவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை,
தானும் குனிந்து தேடினான்.
இப்போது ஒரு மைல் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டால்
எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லுவேன்.

கியர்பெட்டியின் காந்தத் திருகைக் கழற்றினேன்.
நுனியில் மெல்லிய சாம்பல் மயிர், இரும்புத் தூள்.
துண்டாக இருந்தால் பறக்கக்கூடாது.
மயிர் என்றால் துடைத்துவிட்டுப் போகலாம்.
இந்த வயதில் எல்லோரிடமும் இருக்கும்.
துடைத்தேன்.

கருவிப் பெட்டியில் ஒரு சாவி குறைந்தது.
ஏழின் கீழ் பதினாறு.
இருபது நிமிடம், இரண்டு மூடிகள் மறுபடி கழன்றன,
டார்லீன் கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்தாள்.
ஹார்ஸ்ஃப்ளை பக்கம் நேற்று ஒன்பது வீடு போயிருந்தது.
சாவி என் பின் பையில்.
யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும்.

கையெழுத்து வைத்தேன்.
செம்மஞ்சள் வாளி, மடித்துப் பின்னால்.
முதலில் ஆட்கள், மேட்டில் இறக்கிவிட்டு
அப்புறம் ஏரிக்குப் போய்
ஒரு முக்குக்கு ஆயிரத்து முன்னூறு லிட்டர்.
லீலண்ட் கடைசியாக ஏறிக் கதவை இழுத்தான்.

சாக்கு, கல், சாக்கு, கல்.
புல் படுத்தது, என் தொப்பி ஓடியது.
எடுக்கப் போகவில்லை.
கண்ணாடிக்குள் தெரிந்த தலைகளை
விரலால் தொட்டுக்கொண்டு நின்றேன்:
டார்லீனோடு ஏழு.

எழுதவில்லை.
அதற்கும் கட்டம் இல்லை.